செண்பகவல்லி வாசல் கம்பம்

வெள்ளாரங்குளத்தில் ஒரு சித்திரை மாதத்து விடியற்காலையில், மேலத்தெருவில் செண்பகவல்லி வீட்டு வாசலில் நின்ற தெருவிளக்குக் கம்பம், உச்சியில் மாட்டியிருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பக்கத்து வேப்பமரக் கிளையில் பத்திரமாகத் தொங்கப் போட்டுவிட்டு, சிமெண்டுக் காலை மண்ணிலிருந்து உருவிக்கொண்டு, ஜெசிந்தா டீச்சருக்குத் துணையாக ஓடியது. டியூப் லைட் அணையவில்லை. ஒயர் இல்லாமல் எப்படி எரிந்தது என்று கேட்பவர்கள் மின்வாரியத்தில் போய்க் கேட்டுக்கொள்ளட்டும், ஊர்க்காரர்கள் கேட்கவில்லை. கண்மாய்க் கரையில் பால் கறக்கப் போய்க்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "என்ன, கம்பம் இந்தப் பக்கம் வருது?" என்று ஒருத்தர் கேட்டார், "டீச்சர் தனியாப் போகுதுல்ல, அதான்" என்று இன்னொருத்தர் சொன்னார், அதோடு பேச்சு மாட்டுத் தீவனத்துக்குப் போய்விட்டது. அன்று காலை அந்த ஊரில் வயிறு எரிந்தது ஒரே ஒருத்திக்குத்தான்.

எரியாமல் என்ன செய்யும்? அது யார் கம்பம்? மூன்று வருஷம் கவுன்சிலர் வீட்டுக்கும் மின்வாரிய ஆபீசுக்கும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கும் மனுவும் கையுமாக அலைந்தது யார்? வாசல் இருட்டில் கால் இடறிச் சாக்கடையில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டது யார்? கடைசியில் ஒரு நாள் டிராக்டரில் படுத்துக்கொண்டு அந்தக் கம்பம் வந்து இறங்கியபோது, ஏதோ மருமகன் வந்ததுபோல அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தது யார்? எல்லாம் செண்பகவல்லி. நாற்பத்தொரு வயது, ரேஷன் கடை விற்பனையாளர், மூத்தோர் தடகளத்தில் ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்தில் இரண்டாம் இடம், ஆடி மாதம் மாநிலப் போட்டிக்குப் போகவேண்டியவள். ஒரு நாள் பாக்கியில்லாமல் பதினோரு வருஷமாக அந்தக் கண்மாய்க் கரையில் ஓடுகிறவள்.

ஒரு பொம்பளை விடியற்காலையில் ஓடுவது என்றால் சும்மா ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புவது இல்லை, அது செண்பகவல்லிக்குத்தான் தெரியும். இடுப்பில் மிளகாய்ப்பொடிப் பொட்டலம், காலரில் இரண்டு ஊக்கு, மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை. இன்றைக்குப் போன நேரத்துக்கு நாளைக்குப் போகக்கூடாது, பைக் சத்தம் கேட்டால் ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும், வண்டிக்கு எதிர்ப்பக்கமாகவே ஓடவேண்டும், தெரிந்த முகம் வந்தால் சிரிக்கலாம், ரொம்பச் சிரிக்கக்கூடாது. பாதி ஓட்டம் காலில், பாதி ஓட்டம் காதில். இத்தனையும் செய்தும் போன வருஷம் ஐப்பசியில் கரையில் ஓரிடத்தில் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் பைக் வந்து, பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவள் உடம்பில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். அவள் கத்தவில்லை. தொண்டைவரை வந்ததை அப்படியே விழுங்கினாள். மிச்சத் தூரத்தையும் ஓடி முடித்தாள், குளித்தாள், கடையைத் திறந்தாள், உச்சிப்பொழுதுவரை அரிசி நிறுத்துப் போட்டாள். வீட்டுக்காரர் சங்கரபாண்டியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பைக் நிற்காது, அவள் ஓட்டம்தான் நிற்கும்.

ஜெசிந்தா நர்சரிப் பள்ளிக்கூடத்து டீச்சர். தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, இங்கே வாக்கப்பட்டு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, உடம்பைக் குறைக்கவேண்டும் என்று ஓட ஆரம்பித்து மூன்று வாரம். காதில் பாட்டு, ரோஸ் கலர் பனியன், காற்று வாங்கப் போவதுபோல ஓர் ஓட்டம். அந்தச் சித்திரைக் காலையில் அதே மஞ்சள் பைக் அவள் பக்கத்தில் வந்து ஊளையிட்டதும் இவள் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள், கீழத்தெருவில் கோழிகள் இறங்கிவிட்டன. அந்தச் சத்தம் கேட்டுத்தான் கம்பம் கிளம்பியது. வெளிச்சம் வருவதைப் பார்த்துப் பைக் பறந்துவிட்டது. கம்பம் அவளை வீடுவரை கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பி வந்து, தன் குழியில் இறங்கி, ஒயர்களை எடுத்து மாட்டிக்கொண்டது. பல் துலக்கிக்கொண்டு வாசலில் நின்ற செண்பகவல்லியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாளும் போனது. அதற்கு மறுநாளும் போனது. ஊர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. லைன்மேன் பிச்சுமணி வந்து கம்பத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "அஞ்சுல இருந்து ஆறே கால் வரைக்கும் மாற்றுப் பணி" என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். டீக்கடையில் கம்பம் தாண்டுகிற நேரத்தை வைத்துப் பாய்லர் பற்றவைத்தார்கள். பால்காரர்கள் அந்த வெளிச்சத்தில் கறவையை முடித்தார்கள். தெருநாய்களுக்குத்தான் சங்கடம், காலைத் தூக்க வந்து பார்த்தால் கம்பம் இருக்காது, குழியை மோந்து பார்த்துவிட்டு ஏமாந்து நிற்கும். யாரோ மஞ்சள் துணி கட்டினார்கள். ஜெசிந்தா மாதா படத்தை ஒட்டினாள். கம்பம் இரண்டையும் சுமந்துகொண்டு ஓடியது. கவுன்சிலர் ஒரு கூட்டத்தில் பேசும்போது, எங்கள் வார்டில் பெண்கள் பாதுகாப்புக்கு முழு ஏற்பாடும் செய்தாயிற்று என்று மேடையிலேயே சொன்னார், ஜனம் கை தட்டியது.

அதற்கப்புறம்தான் வினை. கம்பம் வருகிறவள் ஓடலாம் என்று ஆனதும், வராதவள் ஏன் ஓடவேண்டும் என்று ஆகிவிட்டது. கபடி பழகப் போன மூன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை, "உங்களுக்குன்னு ஒரு கம்பம் வரட்டும், அப்புறம் போகலாம்" என்று வீட்டில் உட்காரவைத்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு தரகர், "பிள்ளைக்குக் கம்பம் உண்டுமா?" என்று விசாரித்தார். ரேஷன் கடை வரிசையில் நின்ற சுப்புத்தாய் ஒருநாள் பையை நீட்டிக்கொண்டே கேட்டாள்:

"ஏன் செம்பா, நேத்து வந்தவளுக்குக் கம்பம் வருது. பதினோரு வருசமா ஓடுத ஒனக்கு ஏன் வரமாட்டேங்கு? நீ எதும் குத்தம் கொற வச்சியோ?"

"கம்பத்துக்கு என்ன குத்தம் வைக்க? மாசாமாசம் தொடச்சு விடுதேன் நான்."

"அப்போ ஒம்மேல அதுக்குப் பிரியம் இல்ல போல."

செண்பகவல்லி அன்றைக்குச் சுப்புத்தாய்க்கு அளந்த சீனியில் ஒரு பருக்கைகூடக் கூடுதலாக விழாமல் பார்த்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சங்கரபாண்டி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். கெட்ட மனுஷன் இல்லை. ஊர் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கிவைக்கிற மனுஷன்.

"கொஞ்ச நாளைக்கு ஓடவேண்டாம் செம்பா. நாலு பேரு கேக்காக. டீச்சருன்னா கம்பம் இருக்கு. ஒனக்கு எது இருக்கு?"

"ஆடி மாசம் போட்டி இருக்குங்க."

"போட்டி அடுத்த வருசமும் வரும். ஏதாச்சும் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

ஆகிவிட்டதே, ஆகி ஏழு மாதமாகிறதே என்று அவள் வாய்வரை வந்தது. அதையும் விழுங்கினாள். ஷூவைக் கழுவிக் காயவைத்துப் பரணில் போட்டாள்.

அதற்கப்புறம் அவள் காலையில் செய்த வேலை ஒன்றுதான், ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்ப்பது. ஐந்து மணிக்குத் தெருக்கோடியில் ஜெசிந்தா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். பின்னால் திரும்பிப் பார்க்கமாட்டாள், எதற்குப் பார்க்கவேண்டும், அவளுக்கென்ன. இங்கே கம்பம் பரபரவென்று ஒயரைக் கழற்றும், சந்தனம் வைத்த கையை மறந்துவிட்டு அவள் பின்னால் குதித்துக்கொண்டு போகும். செண்பகவல்லி வாசலில் குழி மட்டும் இருக்கும். பொறாமை என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிடலாம், ஆனால் அது அவளுக்கு அடுப்பில் வைத்து மறந்துபோன பாத்திரம் மாதிரி அடிப்பிடித்துக்கொண்டே கிடந்தது, சோற்றில் அதன் வாடை, தூக்கத்தில் அதன் வாடை. டீச்சர் பனியன்மீது பொறாமை, பாட்டின்மீது பொறாமை. எல்லாவற்றையும்விட, திரும்பிப் பார்க்காத அந்தக் கழுத்தின்மீது பொறாமை.

கம்பத்தை வசப்படுத்தவும் பார்த்தாள், அதையும் சொல்லிவிடவேண்டும். சங்கரபாண்டி ஊரில் இல்லாத ஒரு நாள் ரோஸ் கலரில் ஒரு பனியனை மாட்டிக்கொண்டு கம்பத்தின் முன்னால் இப்படியும் அப்படியும் நடந்தாள். அசையவில்லை. காலுக்கு வேப்பெண்ணெய் தடவினாள். அசையவில்லை. டீச்சர் மாதிரிக் கத்திப் பார்த்தாள், வெட்கத்தில் சத்தம் பாதியிலேயே நின்றுவிட்டது, பக்கத்து வீட்டிலிருந்து "சூ, சூ" என்று பூனையை விரட்டினார்கள். "நன்றி கெட்ட கம்பமே" என்று வாய்விட்டுத் திட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வைகாசி முடிகிற சமயம், கடையை மூடி வீட்டுக்கு வந்த ஒரு சாயங்காலம் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். மாட்டுச் சங்கிலியை எடுத்துக் கம்பத்தின் இடுப்பிலும் தன் வீட்டு இரும்புக் கேட்டிலும் சேர்த்து நாலு சுற்றுச் சுற்றி, கையிலிருந்த பூட்டைப் போட்டு இறுக்கினாள். ஒரே ஒரு நாள். ஒரு நாள் அவளும் வெளிச்சம் இல்லாமல் ஓடட்டும். காதை முதுகில் வைத்துக்கொண்டு ஓடுவது எப்படி இருக்கும் என்று அவளும் பார்க்கட்டும். கெடுதல் ஒன்றும் நினைக்கவில்லை என்று தனக்குத்தானே மூன்று தடவை சொல்லிக்கொண்டாள். மூன்று தடவை சொல்லவேண்டியிருந்ததே, அதிலேயே தெரிகிறதல்லவா!

காலையில் ஜெசிந்தா வழக்கம்போலக் கிளம்பினாள். வழக்கம்போலத் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பம் ஒயரைக் கழற்றியது, காலை உருவியது, ஓர் எட்டு வைத்தது, சங்கிலி இழுத்துப் பிடித்தது. கேட் கடகடவென்று ஆடியது. விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. ஜன்னலுக்குப் பின்னால் செண்பகவல்லி, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றாள். அவள் கை மட்டும் இடுப்பில் இருந்த சாவிக் கொத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

அப்புறம் கரையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. போன தடவை கேட்ட கத்தல் இல்லை. ஆரம்பித்து, பாதியில் யாரோ கையால் பொத்தியதுபோல நின்றுபோன கத்தல். செண்பகவல்லிக்கு அந்தப் பாதிச் சத்தம் தெரியும், ஏழு மாதமாக அவள் தொண்டையில் கிடந்ததும் அதுதான். கொத்தில் சரியான சாவியைத் தேடிப் பூட்டைத் திறக்க நேரமில்லை. ஷூ இல்லை, முழுக்கைச் சட்டை இல்லை. நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அடுப்படியில் கைக்கு அகப்பட்ட மிளகாய்ப்பொடி டப்பாவோடு வெறுங்காலில் இருட்டில் ஓடினாள். அவள் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை, இனிமேலும் ஓடப்போவதில்லை, அன்றைக்கு யாராவது கடிகாரம் பிடித்திருந்தால் மாவட்டத்தில் முதலிடம் அவளுக்குத்தான்.

செங்கல் சூளை வளைவில் மஞ்சள் பைக் நின்றது. ஒருத்தன் வண்டியில் இருந்தான், இன்னொருத்தன் ஜெசிந்தாவின் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டிருந்தான். செண்பகவல்லி கத்தினாள். போன ஐப்பசியில் விழுங்கியதும், சங்கரபாண்டி சாப்பாட்டுத் தட்டு முன்னால் விழுங்கியதும், ரேஷன் கடை வரிசையில் விழுங்கியதும் எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. அந்தச் சத்தத்துக்கு ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசல் விளக்காக எரிந்தது. பிடித்திருந்தவன் கையை விட்டான், அவன் மூஞ்சியில் டப்பா கவிழ்ந்தது. வண்டியில் இருந்தவன் அவசரத்தில் முறுக்கியதில் வண்டி கரையிலிருந்து சறுக்கி, கண்மாய்ச் சேற்றில் இரண்டு சக்கரமும் முங்கி நின்றது. பால்காரர்கள் மாட்டுக் கயிற்றோடு ஓடி வந்தார்கள். அந்த இருவரையும் அந்தக் கயிற்றிலேயே கட்டிப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து செண்பகவல்லியின் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அக்கா, கம்பம் பின்னாலதான் வருதுன்னு நெனச்சேன்க்கா. எங்கக்கா கம்பம்?"

செண்பகவல்லி அவளைத் தூக்கி நிறுத்தி, ஊர்ப் பக்கம் நடத்திக் கூட்டிப்போனாள்.

விடிந்தபோது ஊரே மேலத்தெருவில் நின்றது. கம்பம் குழிக்கு வெளியே ஓர் எட்டுத் தள்ளி, சங்கிலியில் சாய்ந்துகொண்டு நின்றது. கேட் வளைந்திருந்தது. எந்தப் படுபாவி கட்டினான் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள், சுப்புத்தாய் மட்டும் குனிந்து பூட்டைப் பார்த்தாள். யாருக்குத் தெரியாது அந்தப் பூட்டு? மாதாமாதம் ஊரே வரிசையில் நின்று, எப்போது திறக்கும் எப்போது திறக்கும் என்று வெறித்துப் பார்த்த பூட்டு. பித்தளையில், மேலே வெள்ளைப் பெயிண்டில் கடை நம்பர் போட்ட ரேஷன் கடைப் பூட்டு. கடையை ஒற்றைப் பூட்டில் விட்டுவிட்டு, கோபத்தில் கையோடு கொண்டுவந்ததைப் போட்டுவிட்டாள் மகராசி.

"ஏ செம்பா," என்றாள் சுப்புத்தாய், "இது ஒன் பூட்டுல்லா?"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெசிந்தாவும் பார்த்தாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஆமா, நான்தான் பூட்டுனேன்" என்றாள் செண்பகவல்லி. "பொறாமை. வயித்தெரிச்சல். என்ன செய்யணுமோ செய்ங்க. எங்கம்பம் அவ பின்னால போச்சு, எனக்குப் பொறுக்கல. பதினோரு வருசமா நான் இருட்டுல தனியா ஓடுதேன். போன ஐப்பசியில அதே மஞ்ச பைக்குக்காரன் என்னையும் அடிச்சான், கைவைக்கக்கூடாத எடத்துல அடிச்சான். எனக்கு எந்தக் கம்பமும் வரல."

சங்கரபாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஓட விட்டிருப்பீகளா?"

செண்பகவல்லி கூட்டத்தைச் சுற்றிக் கை காட்டினாள்.

"நீங்க மட்டுமில்ல, இந்த ஊருல யாரு விடுவா? அவனுக்கு வண்டிய நிறுத்தச் சொல்லமாட்டீக, எனக்குக் கால நிறுத்தச் சொல்லுவீக. அதான் வாய மூடிக்கிட்டு ஓடுனேன்." பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தாள். "நீ கத்துன. ஒன்னால கத்த முடிஞ்சது. அதுலயும் எனக்குப் பொறாமதான். ஆனா இன்னைக்கு நடந்ததுக்கு நான்தான் காரணம். நீ என்னைய என்ன வேணும்னாலும் சொல்லு."

ஜெசிந்தா பூட்டையும் சங்கிலியையும் பார்த்தாள். உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. "மன்னிக்கவெல்லாம் முடியாதுக்கா இப்போ" என்றாள். "ஆனா பூட்டத் திறங்க. அது பாவம்."

செண்பகவல்லி சாவியைப் போட்டுத் திறந்தாள். சங்கிலி விழுந்தது. கம்பம் நிமிர்ந்தது. இப்போது டீச்சர் பின்னால் போய் நிற்கும் என்று ஊர் வழிவிட்டது. கம்பம் ஜெசிந்தாவைத் தாண்டியது. ஒயரைத் தேடி வேப்பமரத்துக்கும் போகவில்லை. பட்டப்பகலில் விளக்கை எரியவிட்டுக்கொண்டு, மஞ்சள் துணியும் மாதா படமுமாகத் தெருவில் இறங்கிக் கண்மாய்ப் பக்கம் நடந்தது. ஊரும் பின்னாலேயே போனது. செங்கல் சூளை வளைவில் நிற்கும் என்று பார்த்தார்கள், நிற்கவில்லை. கரையோடு இன்னும் அரை மைல் போய், இரண்டாவது மடைக்கு இந்தப் பக்கம், ஒரு கருவேலமரத்துக்கு எதிரில் நின்று, இப்படி அப்படித் திரும்பி இடம் பார்த்து, மண்ணைக் குத்திக்கொண்டு ஆழமாக இறங்கியது. அதற்கப்புறம் அசையவே இல்லை.

"இங்க என்ன இருக்கு?" என்றார் பிச்சுமணி. யாருக்கும் தெரியவில்லை.

செண்பகவல்லி எதிரில் இருந்த மரத்தையே பார்த்தாள். அடித்தான் என்றுதான் அவள் ஊரில் சொல்லியிருந்தாள். கரையில் எந்த இடத்தில் என்று யாரிடமும் சொல்லவே இல்லை. அந்தக் கருவேலமரம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சங்கரபாண்டி அவள் முகத்தைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார். "இங்கதானா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு செண்பகவல்லி அழுதாள்.

மறுநாள் காலையில் பரணிலிருந்து ஷூவை எடுத்துக் கொடுத்தது சங்கரபாண்டிதான், அதற்காக அவரைப் பெரிதாகப் பாராட்டத் தேவையில்லை, பரண் அவருக்குத்தான் எட்டும். கபடிப் பிள்ளைகள் மூன்று பேரும் வந்தார்கள். பதினெட்டு நாள் கழித்து ஜெசிந்தாவும் வந்தாள், காதில் பாட்டு இல்லை, செண்பகவல்லியோடு பேச்சும் இல்லை, ஆனால் பக்கத்தில்தான் ஓடினாள். ஆடி மாதம் செண்பகவல்லி மாநிலப் போட்டிக்குப் போய் நாலாவதாக வந்தாள், அதிலும் அவளுக்கு மூன்றாவது வந்தவள்மீது பொறாமைதான்.

மேலத்தெரு வாசலில் இப்போது குழி மட்டும் இருக்கிறது, பழையபடி இருட்டு. எங்கள் வாசலில் இருந்த கம்பம் வேறு வேலைக்குப் போய்விட்டபடியால் புதிதாக ஒன்று வழங்கி உதவுமாறு செண்பகவல்லி மறுபடியும் மனுக் கொடுத்திருக்கிறாள். கீழே சாட்சிக் கையெழுத்து ஜெசிந்தாவுடையது. கரையில் நிற்கிற கம்பம் ஒயர் இல்லாமலே எரிகிறது. ஜெசிந்தா தாண்டும்போது ஒரு தடவை சிமிட்டும், செண்பகவல்லி தாண்டும்போது இரண்டு தடவை சிமிட்டும். வோல்டேஜ் கோளாறு என்கிறார் பிச்சுமணி. ஜெசிந்தா அதையெல்லாம் கவனித்ததில்லை. செண்பகவல்லி தினமும் எண்ணுகிறாள்.